லியெனே

ஒரு வாரம் அமிலத்தில் ஊறிய பிறகும்
கத்திக்கு வளைந்து கொடுக்கவில்லை
தைஸ்தோ பெக்கரினனின் இதயத் தமனி.
அவ்வளவு சுண்ணாம்பு.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி
கூசி நின்றது எஃகு.

பிரேதங்களோடு எனக்கு வேலையில்லை.
என்னிடம் வருபவை மெழுகுக் கட்டிகள்,
தபால்தலை அளவில், எண் போட்டு.
மயிரிழையை இருபதாய்ப் பிளந்த கனத்தில்
சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு,
சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்துவேன்.
பிறகு சாயம்.
தேடியது இருந்தால் பழுப்பு.
இல்லாவிட்டால் வெறும் நீலம்.

அறுபத்தொரு வயது.
மரக்கூழ் ஆலையில் கொதிகலன் பார்ப்பவர்.
ஜனவரி ஒன்பது, குவோப்பியோவுக்கு வடக்கே,
கூரையேறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.
பாதிக் கூரை சுத்தமாக இருந்தது
என்கிறது காவலரின் குறிப்பு.

பழுப்பு வந்தது.

கொழுப்பின் நடுவில்,
வெள்ளணுக்கள் ரோந்து போகும் தெருவுக்கு
ஒரே ஒரு சுவர் உள்ளே,
பிசின் போர்வைக்கு அடியில்
சத்தமில்லாத ஒரு குடியிருப்பு.
வாயில் பிறந்தவை இவை.
ஈறும் பல்லும் உரசும் சந்தில்
கூட்டம் கூட்டமாய் வளர்ந்தவை.
எந்தக் காலையில்,
எந்தக் கறுப்பு ரொட்டியின் முரட்டு ஓரம் கீறி,
எந்தச் சொட்டில் ஏறிக் கிளம்பினவோ.
நுண்ணுயிர் என்கிறோம்.
அதற்குள்ளும் உயிர் என்றுதான் இருக்கிறது.

கீழ்க் கடைவாய்ப் பல், வலது பக்கம், மூன்று வருடம்.
மனைவி மைரே தொலைபேசியில் சொன்னதாக
டாக்டர் மெர்வி குறித்திருந்தார்.
அந்தப் பக்கம் மெல்லமாட்டாராம்.
நாளைக்குப் போகிறேன் என்பாராம்.
நாளை நாளை என்றவரின் நாளத்தில்
அந்த நாளைகள் எல்லாம் படிந்து கிடப்பதாய்
எனக்குத் தோன்றியது. மெர்வியிடம் சொல்லவில்லை.
பல் போனால் சொல் போகும், சரி.
பல் அப்படியே இருக்க ஆள் போனதை
எந்தப் பழமொழியில் சேர்ப்பது?

அவசரப்படாதே என்றார் மெர்வி,
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.
எரிகிற வீட்டின் முன்னால் நிற்பவரெல்லாம்
கொளுத்தியவர் இல்லை.
புண்ணான சுவரில் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட
வழிப்போக்கர்களாகவும் இருக்கக்கூடும்.
ஆயிரக்கணக்கானோருக்கு மாதக்கணக்கில்
நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்தார்கள்,
மாரடைப்பு குறையவில்லை.
அப்புறம் சிகரெட் இருக்கிறது. வெண்ணெய் இருக்கிறது.
ஐம்பத்தெட்டில் போன அப்பா இருக்கிறார்.

ஆனால் டிசம்பரில் ஒரு காய்ச்சல், என்றேன்.
பத்து நாள் படுக்கை.
தூங்கிக்கொண்டிருந்ததை அது தட்டி எழுப்பி,
எழுந்தது போர்வையை உதறி,
காவல்காரர்கள் அப்போதுதான் பார்த்துப் பாய்ந்து,
அந்தக் கைகலப்பில் மெல்லிய சுவர் விண்டு,
ரத்தம் தன் அடைப்பைத் தானே உறைந்துகொண்டு...

ஆனால், என்றார் அவரும்.
வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

எங்கள் மொழியில்
ஐயத்துக்கென்றே ஒரு வினைச்சொல் உண்டு.
லியெனே.
பேச்சில் யாரும் அதைத் தொடுவதில்லை;
அலுவலகத் தாள்களில் மட்டும்
இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.
மெர்வி அதை எழுதினார், அடித்தார்,
திரும்ப எழுதினார்.
தொற்று ஒரு பங்கு வகித்திருக்கலாம்.

மார்ச் மாதம்
தவறுதலாக என் மேசைக்கு வந்தது ஓர் அழைப்பு.
பெயர் சொன்னார். பிறகு ஒரே சொல்:
பல்லா?

பதில் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
டாக்டருக்கு இணைப்பு மாற்றுகிறேன் என்றேன்.
எங்கள் காத்திருப்பு இசை ஓர் அக்கார்டியன்,
பாதியில் அறுந்து
முதலிலிருந்து தொடங்கும்.
அது ஓடிக்கொண்டிருந்தபோது
என் நாக்கு தானாகவே போய்
மேல்வரிசையில் ஒரு குழியைத் தடவியது.

மீதிக் கூரையை யார் தள்ளினார்கள் என்று
நான் கேட்டிருக்கலாம்.